என்னைக் கேட்டீங்களா?

பிள்ளைங்களோட அப்பாவுக்கு வணக்கம். எல்லாரும் சுகம்தானே? சுகர் மாத்திரையை மறக்காதீங்க. எனக்கு ஒண்ணுமில்லை, மார்புல இருந்த சின்னப் புற்றுக்கட்டியை மட்டும் எடுத்துட்டாங்க. மூணு வாரக் கதிர்வீச்சுல எட்டு நாள் முடிஞ்சுது. காலையில ஆஸ்பத்திரி மிஷினுக்கடியில படுத்து எழுந்து, பத்து மணிக்கு இந்த ஊர்ல நான் வேலை பாக்கற தையல் யூனிட்டுக்குப் போயிடறேன்.

ஆனா ஆபரேஷனுக்கு முன்னாடி நீங்க டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, "முழு மார்பையும் எடுத்துடுங்க, வம்பே வேண்டாம்"னு சொன்னீங்களாமே? இன்னைக்குத்தான் அந்தம்மா சொல்லித் தெரிஞ்சுது. யாரைக் கேட்டுச் சொன்னீங்க? "ஆரம்பத்துலயே பிடிச்சாச்சு, கட்டியை எடுத்துக் கதிர்வீச்சு குடுத்தாலும் உயிருக்கு அதே பாதுகாப்புதான். முடிவு உன்னுது, என்ன சொல்றே?"ன்னு அந்தம்மா என்கிட்ட கேட்டாங்க. இருபது வருஷம் கூட வாழ்ந்த உங்களுக்குக் கேக்கத் தோணலையே!

தோல் கன்றிப்போய் ரவிக்கை உரசுது. உங்க பழைய பருத்திச் சட்டை ரெண்டு அனுப்புங்க. துவைக்க வேண்டாம், நானே துவைச்சுக்கறேன். கோபம் இன்னும் தீரலை. பஸ் வந்துடுச்சு.

உங்க வீட்டுக்காரி