அக்கா, உன் வண்டியைக் கீறிவிட்டேன்

என் கோபக்கார அக்காவுக்கு,

சுத்தி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் வண்டியைக் கீறிவிட்டேன். "ஏட்டி, வண்டியில கைய வைக்காத, கீறிருவ" என்று நீ சாவியை ஒளித்து ஒளித்து வைத்தாயே, கடைசியில் உன் வாக்குதான் பலித்தது. இப்போது சந்தோஷமா?

நீ போன அன்றைக்கு நம் தெருக்காரர்கள் உன் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டிவிட்டுப் பசை வாளியோடு வந்து நின்றார்கள். "ஒண்ணு மிச்சமிருக்கு, அக்கா வண்டியிலயும் ஒட்டவா?" என்றார்கள். "ஒட்டுங்கப்பா" என்று நான்தான் சொன்னேன். ராஜபாளையத்து மில் ஆபீசுக்கு நீ தினமும் ஓட்டிப் போன வண்டி, பானெட்டில் உன் முகத்தை ஒட்டிக்கொண்டு சுடுகாட்டுக்கு உனக்கு முன்னால் போனது. அதுவும் எந்தப் படம்? "பேய் மாதிரி இருக்கேன்" என்று நீ திட்டுவாயே, வாக்காளர் அட்டையில் இருக்கிற அதே படம். அவசரத்துக்கு வேறு கிடைக்கவில்லை அக்கா.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உன் மகள் கோதை கோயம்புத்தூர் காலேஜுக்குக் கிளம்பினாள். மச்சான் எப்பவோ போய்விட்டார், இப்போது நீயும் இல்லை. அவளுக்கு இனி நான் மட்டும்தான். படியிறங்கும்போது வண்டியைப் பார்க்காமலே சொன்னாள்: "சித்தி, நான் அடுத்து வரும்போது அந்தப் படம் இருக்கக் கூடாது."

அதுக்குப் பொறவு போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா, அம்புட்டுதான் பேச்சு. 'அம்மா' என்ற சொல் அவள் வாயில் வரவே இல்லை. நான் உன் பேச்சை எடுத்தால், "வைக்கிறேன் சித்தி" என்று வைத்துவிடுவாள். இந்தப் பிள்ளை உள்ளுக்குள்ளேயே வைத்து வைத்து என்ன ஆகப்போகிறதோ என்று பயந்துகொண்டே கிடந்தேன்.

நானும் வண்டிப் பக்கம் போகவில்லை. வெயிலில் பசை வெந்து இறுகிவிட்டது. தீபாவளிக்கு வருகிறேன் என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு மத்தியானம் தோசைத் திருப்பியும் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரும் எடுத்துக்கொண்டு போனேன். முதலில் உன் நெற்றி வந்தது, பொறவு ஒரு கண். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வா, வா என்று எம்புட்டுக் கெஞ்சினேன். "லீவு கிடைக்காதுட்டீ" என்று தள்ளிப் போட்டாயே, அந்த ஆத்திரமெல்லாம் கையில் இறங்கிவிட்டது. தேய்த்தேன், சுரண்டினேன். நிமிர்ந்து பார்த்தால் கருநீலப் பெயிண்டில் ஒரு முழ அகலத்துக்கு வெள்ளை வெள்ளையாகக் கீறல்.

ராஜபாளையத்தில் கார் சாமான் கடைக்கு ஓடினேன். "கீறல எது நல்லா எடுக்குமோ அதக் குடுங்க" என்றேன். போனில் படத்தைப் பார்த்த கடைக்காரர், "எத வச்சும்மா தேச்சீங்க?" என்றார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "வெந்நீர்ல துணிய நனைச்சுச் செத்த நேரம் போட்டிருந்தா தானா உரிஞ்சிருக்குமே."

மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தார். முதலாவது காம்பவுண்டு என்கிற முரட்டுக் களிம்பு. பழகாத கை பட்டால் பெயிண்டையும் சேர்த்து எடுத்துவிடுமாம். ரெண்டாவது லேசான பாலிஷ். மூன்றாவது, கீறலுக்குள் நிரம்பிக்கொண்டு பளபளவென்று காட்டுகிற மெழுகு. நாலு தடவை கழுவினால் கீறல் திரும்ப வந்து நிற்குமாம். கோதை இருக்கப்போவதே நாலு நாள். சத்தியமாகச் சொல்கிறேன், என் கை அந்த மெழுகுக்குத்தான் போனது.

நீ கடைசி மாசங்களில் முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமில்ல" என்று ஆபீஸ் போனது ஞாபகம் வந்தது. கோதையிடம் என்னையும் அப்படியே சொல்ல வைத்தாய். நானும் சொன்னேன். அந்தப் பாவம் இன்னும் என்னை விடவில்லை. மெழுகைத் திருப்பி வைத்தேன்.

"புதுசா செய்யிறவங்க லேசானதுல ஆரம்பிங்க" என்றார் அவர். "ஒரு சாண் எடத்துல தேச்சுப் பாத்துட்டுப் பொறவு மத்த எடத்துக்குப் போங்க. கீறல்னு எதையும் நாம எடுக்கிறதில்லம்மா. சுத்தி இருக்கிறத அதோட ஆழத்துக்குத் தேச்சு எறக்குறோம், அவ்வளவுதான். நகத்த வச்சு இழுத்துப் பாருங்க. நகம் மாட்டுச்சுன்னா அது பாலிஷ்ல போகாது, விட்டுருங்க."

ஒரு வாரம் காலையில் வெயில் ஏறும் முன்னால், தகடு சூடாகாத நேரத்தில், அந்த லேசான பாலிஷை மெத்துத் துணியில் துளித் துளியாக எடுத்துத் தேய்த்தேன். இத்தனை பொறுமையை உன் தலைமாட்டில் உட்கார்ந்து காட்டியிருக்கலாமே என்று அழுதுகொண்டே தேய்த்தேன். மயிரிழைக் கீறல்கள் எல்லாம் போய்விட்டன. தோசைத் திருப்பி இழுத்த ஒரே ஒரு கோடு மட்டும் போகவில்லை. நகம் மாட்டியது.

தீபாவளிக்கு முந்தின நாள் கோதை வந்தாள். பையைக்கூட இறக்காமல் நேராக வண்டியிடம் போனாள். குனிந்து பார்த்தாள்.

"இது என்ன சித்தி?"

"நாந்தான். தோசைத் திருப்பி வச்சுச் சுரண்டிட்டேன்."

அந்தக் கோட்டின் மேல் நகத்தை வைத்து இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் இழுத்தாள். "அம்மா இருந்திருந்தா உன்னையக் கொன்னுருப்பா" என்றாள். சொல்லி முடிக்கவில்லை, அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். உன்னைத் தூக்கிப் போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

அழுது ஓய்ந்த பிறகு, "அதே கலர்ல பெயிண்டு வச்சு அடைச்சிரலாமாம். கொண்டுபோகவா?" என்று கேட்டேன். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வேண்டாம் சித்தி. அம்மா திட்டுறதுக்கு ஒண்ணாவது இருக்கட்டும்."

சாவி இப்போது அவளிடம் இருக்கிறது. அடுத்த லீவுக்கு ஓட்டப் பழகுகிறாளாம். அதுவரைக்கும் வண்டியை நிழலில் நிறுத்தி, துடைத்து வைப்பேன். கோதையிடம் இனி எதையும் பூசி மறைக்க மாட்டேன் அக்கா, எனக்கே ஒரு நோய் வந்தாலும் முதலில் அவளிடம்தான் சொல்வேன். இது உன்மேல் சத்தியம். நீ திட்டு. ஒரு தடவை திட்டேன் அக்கா.

உன் திட்டுக்குக் காத்துக்கிடக்கிற தங்கச்சி,
ரெங்கா