லூசியின் கால் சீட்டு

கிள்ளான்,
வியாழக்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு,

பெர்னிஸ் எழுதுகிறேன். நானும் தங்கச்சி லூசியும் நன்றாக இருக்கிறோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே படிக்கும்போது உங்களுக்குப் பயம் வரும். பயப்பட ஒன்றும் இல்லை. லூசிக்குப் பாதம் தட்டையாக இருக்கிறது. அவ்வளவுதான்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது அவள் என் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத் தெரியக்கூடாத ஒன்று இதில் இருக்கிறது. அதனால்தான் அங்கே சிங்கப்பூருக்குப் பஸ் ஓட்டும் அய்யாவு அங்கிளிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன்.

மார்ச் மாதம் லூசி பள்ளிக்குச் சுகாதார நர்சுகள் வந்தார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, லூசியிடம் மட்டும் ஒரு சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். மலாயில் 'காக்கி லேப்பர்' என்று எழுதி, கிளினிக்குக்குப் போக வேண்டிய தேதியும் போட்டிருந்தது. காக்கி என்றால் கால் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டாவது சொல் தெரியவில்லை. அதை மட்டும் போனில் தட்டிப் பார்த்தேன். ஆங்கிலத்திலும் அதே எழுத்தில் ஒரு சொல் இருப்பதால், போன் அதை ஆங்கிலச் சொல் என்று எடுத்துக்கொண்டது. தமிழில் 'தொழுநோயாளி' என்று வந்தது.

அம்மா, நான் அதை நம்பிவிட்டேன். லூசி அடிக்கடி விழுவாள், பாசார் சந்தைக்குப் போனால் பாதி வழியில் கால் வலிக்கிறது என்று தூக்கச் சொல்வாள். கன்னத்தில் தேமல் வேறு இருந்தது. எல்லாம் அதனால்தான் என்று நினைத்தேன். அந்த நோய் வந்தால் காலில் உணர்ச்சி போய்விடும் என்று படித்ததால், அவள் டிவி பார்க்கும்போது சீப்பால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

யாரையாவது கேட்டிருக்கலாம். வெளியாட்களிடம் பேச எனக்கு வாய் வராது என்று உங்களுக்குத் தெரியும். சீட்டை எடுத்துக்கொண்டு பள்ளி வாசல் வரைக்கும் போனேன். டீச்சர் வெளியே வந்ததும் திரும்பிவிட்டேன். முன்பெல்லாம் அந்த நோய் வந்தவர்களைச் சுங்கை பூலோவில் தனியாக வைத்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே சொன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தேன். உங்களிடமும் மூன்று ஞாயிறு பொய் சொன்னேன்.

அந்த மூன்று வாரமும் அவளுக்குத் தனித் தட்டு, தனித் துண்டு, ஒரு நீலக் குவளை. அவளைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு நான் ஹாலில் படுத்தேன். மேல்வீட்டு இராஜம்மா ஆன்டி பார்த்துவிட்டு, 'என்ன பெர்னிஸ், தங்கச்சிக்குத் தனித் தட்டா? மகாராணியாலா அவ?' என்று கேட்டார். இருமல் என்று சொல்லிச் சமாளித்தேன். நான்காவது நாள் பார்த்தால், சாப்பிட்ட தட்டையும் குவளையையும் லூசியே கழுவி, மற்ற பாத்திரங்களோடு படாமல் ஓரமாக வைத்திருந்தாள். நான் வைக்கச் சொல்லவே இல்லை அம்மா.

கிளினிக் போகும் நாளில் அவளுடைய பையில் மூன்று கவுன், பல் துலக்கும் பிரஷ், நீங்கள் கொடுத்த ஜெபமாலை எல்லாம் வைத்தேன். அங்கே சந்திரகலா என்று ஒரு டாக்டர். பையைப் பார்த்துவிட்டு, 'என்னம்மா, ஊருக்குப் போறீங்களா?' என்றார். பஸ்ஸில் எழுதி வைத்திருந்த தாளை நீட்டினேன். அவளைப் பிடித்து வைத்துக்கொள்வீர்களா, நானும் கூட இருக்கலாமா என்று அதில் எழுதியிருந்தேன். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு பள்ளிச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். லூசியை நர்சோடு எடை பார்க்க அனுப்பிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 'இது இங்லிஷ் இல்லம்மா, மலாய். லேப்பர்னா தட்டைலா. உன் தங்கச்சிக்குப் பாதம் தட்டை' என்றார். முதலில் கொஞ்சம் சிரித்தார். நான் அழுததும் சிரிப்பை நிறுத்திவிட்டு டிஷ்யூப் பெட்டியை முழுதாக என் மடியில் வைத்தார்.

அந்த நோயே வந்திருந்தாலும் இப்போது மாத்திரையில் குணமாகிவிடுமாம், யாரையும் பிரித்து வைப்பதில்லையாம். தேமலுக்கு ஒரு களிம்பு கொடுத்தார். லூசியை எக்கி நிற்கச் சொன்னார். நுனிவிரலில் நின்றபோது உள்பக்கம் அழகாக வளைவு வந்தது, காலை இறக்கினால் போய்விட்டது. இப்படி இருக்கும் பிள்ளைகள் நிறைய பேர், முக்கால்வாசிப் பேருக்கு வைத்தியமே வேண்டாம் என்றார். இவளுக்கு வலி இருப்பதால் மட்டும் ஷூவுக்குள் வைக்கும் இன்சோலுக்கு எழுதிக் கொடுத்தார்.

அதைப் பெரிய ஆஸ்பத்திரியில் செய்து கொடுத்தார்கள். அங்கே தம்புசாமி என்பவர் ஒரு பெட்டியில் பஞ்சு மாதிரி ஒன்றை வைத்து, அதில் லூசியின் காலை அழுத்தி அச்சு எடுத்தார். 'கேக்குல கால் வெச்ச மாதிரி இருக்கு அங்கிள்' என்றாள். 'சாப்ட்டுறாத, எனக்கு வேலை இருக்கு' என்றார் அவர். முதலில் தினமும் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் போடச் சொன்னார்கள். பள்ளி ஷூவை ஒரு அளவு பெரிதாக வாங்கிவிட்டேன். வீட்டில் வெறுங்காலோடு நடக்கலாம். கால்விரலால் கைக்குட்டையைப் பொறுக்கும் பயிற்சியும் உண்டு. இப்போது என் ரிமோட், சீப்பு எதுவும் வைத்த இடத்தில் இருப்பதில்லை.

இன்சோல் பாதத்தை மாற்றிவிடாது, வலியைத்தான் குறைக்கும் என்று டாக்டர் சொன்னார். வளர வளர வளைவு தானாக வரலாம், வராமலும் போகலாம். வலி குறைந்தாலே எனக்குப் போதும். போன சனிக்கிழமை பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும் வரைக்கும் அவள் தூக்கச் சொல்லவே இல்லை. என் கைதான் சும்மா இருந்தது.

நான் படிப்பை நிறுத்தியதால்தான் இப்படி ஆனது என்று நினைத்து வருத்தப்படாதீர்கள். மூன்றாம் படிவம் வரைக்கும் அந்தச் சொல் எங்கள் பாடத்தில் வரவே இல்லை.

இப்போது ஒரே தட்டில்தான் சாப்பிடுகிறோம். கிளினிக்கிலிருந்து வரும்போது பஸ்ஸில் அவளை மடியில் வைத்துக்கொண்டேன். சிறிது நேரம் விறைப்பாகவே இருந்தாள். பிறகு, 'அக்கா, என் மேல இருந்த கோவம் போயிருச்சா?' என்று கேட்டாள். போய்விட்டது என்றேன். நான் கோபமாக இருந்தேன் என்றே அவள் நினைக்கட்டும் அம்மா. உண்மையைச் சொல்லிவிடாதீர்கள்.

உங்களுக்கு என்மேல் கோபம் வரும். திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் போனில் திட்டினால் லூசி கேட்டுவிடுவாள். நேரில் வந்து திட்டுங்கள்.

மாதா உங்களுக்குத் துணையாக இருக்கட்டும்.

உங்கள் மகள்,
பெர்னிஸ்