வைக்கோல் நிற இழை

என் ஆவுடை மைனிக்கு, நீங்கள் இப்போது இருக்கும் இடம் எதுவானாலும், அங்கே வந்து சேரட்டும் என்று தாணு எழுதுகிறேன்.

சீமையிலிருந்து ஒரு தபால் வந்திருக்கிறது. மலைத் தோட்டத்து பங்களாவில் இருந்த சுவீடன்காரத் துரைசானி எழுதியிருக்கிறாள். நாம் அவளிடம் வாங்கிய கம்பளத்தைத் திருப்பிக் கேட்கிறாள். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? பொறுக்கி எடுத்தவர் நீங்கள்தானே.

அந்த நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பூதப்பாண்டியில் நீங்களும் அண்ணனும் கட்டிய புது வீடு பால் காய்ச்சி ஒரு மாதம் ஆகியிருந்தது. வக்கீலான தன்னைப் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் முன்னறைக்கு ஒரு நல்ல கம்பளம் வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. துரை இறந்துபோய், துரைசானி ஊருக்குத் திரும்புகிறாள், சாமான்களை எல்லாம் விற்கிறாள் என்று கேள்விப்பட்டு மூன்று பேரும் வண்டி கட்டிக்கொண்டு போனோம். தாலி அறுத்து அண்ணன் வீட்டோடு வந்த பிறகு நான் வெளியே கிளம்பியது அன்றுதான். நீங்கள்தான் பிடிவாதமாகக் கூட்டிப் போனீர்கள்.

பங்களா வராந்தாக் கம்பியில் ஏழெட்டுக் கம்பளங்கள் தொங்கின. அண்ணனின் கண் நேராகப் பாரசீகச் சிவப்பில் போய் விழுந்தது. நீங்கள் அதன் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. புரட்டி, பின்பக்கம் விரலை ஓட்டினீர்கள்.

"முடிச்சு எல்லாம் தளந்திருக்கு. நம்ம ஊரு மழை ரெண்டு பாத்தா இது உதிந்திரும்," என்றீர்கள். காசுமீரத்துக் கம்பளத்தின் ஓரத்தை ஈரத் துணியால் துடைத்துக் காட்டினீர்கள். துணியில் நீலம் ஒட்டியிருந்தது. "முன்னறையில வாற ஆளு நனைஞ்ச காலோடதான் வருவாங்க. பொறவு தரை பூரா நீலமாக்கும்."

கடைசியில் இருந்தது துரைசானியின் ஊரில் நெய்தது. எட்டு முனை நட்சத்திரங்கள். முன்னும் பின்னும் ஒரே மாதிரி. பாசி நிறமும் மங்கல் சிவப்பும் ஏதோ மரத்து இலையிலும் வேரிலும் காய்ச்சி எடுத்தது என்றாள் அவள். ஒரு சிவப்பு நூலைப் பிய்த்துத் தீக்குச்சியில் கருக்கினீர்கள். முடி கருகின வாடை வந்தது. "நல்ல கம்பளி," என்றீர்கள். நடுவே வைக்கோல் நிறத்தில் ஓர் ஒற்றை இழை ஓடியது. மற்ற நூல்களைவிட வழுவழுப்பாக இருந்தது. அதைப் பிய்க்க நீங்கள் விரலை வைத்ததும் துரைசானி உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அது நூல் இல்லை," என்றாள். புத்தகத்தில் படித்த தமிழ் அவளுக்கு. "அது என் தங்கை."

தங்கை பத்தொன்பது வயதில் செத்துப்போனாளாம். தாய் அவளுடைய கூந்தலை வெட்டி எடுத்து, தானே தறியில் உட்கார்ந்து அந்த ஒற்றை இழையாக நெய்தாளாம். நெய்து முடித்த பிறகு அதைக் கண்ணால் பார்க்க முடியாமல் மூத்தவளோடு கப்பலேற்றிவிட்டாளாம். "அம்மா முன்னால் இதை நான் மறுபடி விரிக்க முடியாது," என்றாள்.

அண்ணன் இரண்டடி பின்னால் போய்விட்டான். நான் உங்கள் சேலையைப் பிடித்து இழுத்தேன். "வேண்டாம் மைனி, செத்தவளுக்க முடி. வீட்டுக்கு ஆகாது."

நீங்கள் அந்த இழையை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தீர்கள். மூன்று பிள்ளை வயிற்றிலேயே கலைந்துபோன உடம்பு உங்களுடையது. அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. "இருக்கட்டும் மக்கா," என்றீர்கள். "ஆளில்லாத வீடுதானே. ஒரு ஆளு வந்து இருக்கட்டும்."

முன்னறையில் விரித்தோம். முதல் வாரமே அது நகர ஆரம்பித்தது. காலையில் சுவரோடு ஒட்டி நேராகப் போட்டால் மத்தியானத்துக்குள் ஒரு சாண் வடக்கே போயிருக்கும். வழுக்குத் தரை, வருகிறவர்கள் மிதித்துத் தள்ளுகிறார்கள் என்றான் அண்ணன். கோர்ட்டு விடுமுறையில் ஓர் ஆளும் வராத நாளிலும் நகர்ந்தது. உங்கள் சீப்பில் ஒருநாள் வைக்கோல் நிறத்தில் நீள முடி ஒன்று சுற்றியிருந்தது. கம்பளத்திலிருந்து உதிர்ந்ததாக இருக்கும் என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். கம்பளத்து இழையில் ஒரு பிசிறுகூட எழும்பியிருக்கவில்லை. அதையும் பார்த்தேன்.

பிறகு அந்த மத்தியானம். வெளியே வெயில் கொளுத்துகிறது. நீங்கள் கம்பளத்தில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தீர்கள். மெதுவாகப் பேசுகிற சத்தம். இடையில் நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டு, சிரித்தீர்கள். நான் வாசலில் நிற்பதைக் கண்டதும் கூப்பிட்டீர்கள்.

"வா தாணு, வந்து இரி. இங்கன, எனக்க இந்தப் பக்கம். அந்தப் பக்கம் இரிக்காண்டாம்."

நான் வரவில்லை. அடுக்களைக்கு ஓடிப்போய் அம்மியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மைனி, அன்று வந்து உட்கார்ந்திருக்கலாமோ?

ஆடி மாதம் நீங்கள் கம்பளத்தை மடியில் போட்டு ஊசியும் கையுமாக இருந்தீர்கள். கறுப்பு நூலால் ஏதோ தைத்தீர்கள். கேட்டதற்கு, "இழை விட்டிருக்குட்டி, சேத்துத் தைக்கேன்," என்றீர்கள். ஐப்பசி அடைமழையில் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் நீங்கள் இல்லை.

உங்களைக் குளிப்பாட்டும்போது நான் தொடக் கூடாது என்றார்கள், தாலி அறுத்தவள் என்று. நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. உங்கள் தலையை நான்தான் வாரினேன். பிடரிக்கு மேலே, உள்பக்கம், விரல் தண்டிக்கு ஒரு கொத்து முடி வெட்டப்பட்டிருந்தது. அது மறுபடி வளர்ந்து இரண்டு விரற்கடை நீளம் ஆகியிருந்தது. எரித்துவிட்டு எல்லாரும் திரும்பிய பிறகு முன்னறைக்குப் போய்க் கம்பளத்தைத் தடவிப் பார்த்தேன். வைக்கோல் இழையோடு முறுக்கிக்கொண்டு ஒரு கறுப்பு இழை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை. அதே வழுவழுப்பு.

ஆடியில் உங்களுக்கு ஒரு தும்மல்கூட இல்லையே. நன்றாக நடமாடிய நாளில் ஏன் செய்தீர்கள்? தெரிந்திருந்ததா? அவள் சொன்னாளா?

அண்ணனிடம் நான் சொல்லவில்லை. போன தையில் அவனுக்கு மறு கல்யாணம் ஆனது. கோபப்படாதீர்கள். வள்ளி, சுசீந்திரத்துப் பெண், சாதுவானவள். உங்களைப் பற்றி ஒருவரும் அவளிடம் விவரமாகச் சொன்னதில்லை. வந்த நாளிலிருந்து முன்னறையில் சுவரோரமாகவே நடப்பாள். கம்பளத்தை மிதிக்கமாட்டாள். புதுசு, கூச்சம் என்று விட்டுவிட்டேன்.

இந்தத் தபால் வந்த அன்று அண்ணன் குதித்தான். "வித்த சாமானத் திருப்பிக் கேக்கதுக்கு எந்தச் சட்டத்துல இடம் இருக்கு?" என்றான். துரைசானி சட்டம் பேசவில்லை, பாவம். தாய்க்கு இப்போது கண் தெரியவில்லையாம். இனிமேல் பார்க்க வேண்டியதில்லை, தொட்டால் போதும், பிள்ளையைக் கொண்டுவா என்று நச்சரிக்கிறாளாம்.

கொடுக்கத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் உங்களை எப்படிக் கொடுப்பேன்? மறுநாள் பகலில் ஊசியும் கத்திரியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உங்களை மட்டும் பிரித்து வைத்துக்கொள்ளலாம் என்று. முறுக்கு விடவில்லை. கறுப்பை இழுத்தால் வைக்கோலும் கூடவே வந்தது. கத்திரியை வைக்கப் போனேன். வாசலில் வள்ளி நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, வெட்டாதீங்க," என்றாள். "அவங்க ரெண்டு பேரும் கையப் பிடிச்சிட்டு இருக்காங்க."

கத்திரியைக் கீழே வைத்தேன். "எவங்க?"

"மத்தியானம் இங்கன இருப்பாங்களே, அவங்கதான். நடுவுல ஆளு இருக்கும்போ நான் எப்படி மிதிச்சிட்டுப் போகது? உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்." கம்பளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கறுப்பு முடிக்காரி ஒங்களத்தான் பாத்துட்டு இருக்கா. கோவமில்ல. போவட்டுமான்னு கேக்கது மாதிரி இருக்கு."

நான் உடைந்து அழுதுவிட்டேன் மைனி. நீங்கள் போய் ஒன்றரை வருஷத்தில் அப்படி அழுதது அன்றுதான். சத்தம் கேட்டு அண்ணன் வந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். கோர்ட்டுச் சட்டையோடு தரையில் உட்கார்ந்தான். கறுப்பு இழையின் மேல் விரலை வைத்தான். "இது ஆவுடையா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். சாப்பிடாமல் கோர்ட்டுக்குப் போனான். சாயங்காலம் கோட்டாற்றிலிருந்து புதுச் சாக்குத் துணியும் தேங்காய்நார்க் கயிறும் வாங்கிக்கொண்டு வந்தான்.

நேற்று சுருட்டிக் கட்டிவிட்டோம். வேப்பிலை போட்டிருக்கிறேன், பூச்சி அரிக்காது. துரைசானிக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு காகிதம் எழுதி உள்ளே வைத்தேன். கறுப்பு இழை யாருடையது, அவள் பெயர் என்ன, அவளுக்கு என்ன வயது என்று எழுதினேன். கண் தெரியாத அந்தத் தாய் தடவும்போது பழக்கமில்லாத முடி விரலில் பட்டால் பயந்துவிடக் கூடாது. இரண்டு மகள் வருகிறார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடச் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை தூத்துக்குடிக்குப் புறப்படுகிறோம். வக்கீல் வீட்டு விதவை துறைமுகத்தில் வந்து நிற்பதா என்று ஊர் பேசும். பேசட்டும். உங்களைக் கூலிக்காரர் தோளில் ஏற்றி அனுப்பிவிட்டு வீட்டில் இருக்க என்னால் ஆகாது. கப்பலின் ஏணிவரை கயிற்றின் ஒரு முனை என் கையில் இருக்கும், இது சத்தியம். நானாக விடமாட்டேன். நீங்கள் ஒரு தடவை இழுத்துச் சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன்.

என்றும் உங்கள் கொச்சு நாத்தனார்,
தாணம்மை