மதுராவின் சட்டமூலத்தை நான் தடுத்த வாரம்

ஜனவரி, திங்கள். மைனஸ் பதினான்கு.

சகல குடிமக்களுக்கும் இத்தால் அறியத்தருவது: கனடாவின் ஸ்காபரோவில், பதினோராம் வகுப்பு அரசியல் பாடத்தில், ஜன்னல் சரியாக மூடாத அறையில் பயிற்சிக்காக நிறுவப்பட்ட அமெரிக்காவுக்கு ஆதவன் ஆகிய நான் ஜனாதிபதியாகத் தெரிவாகியுள்ளேன். ஆட்சிக்காலம் ஒரு வாரம். மாளிகை: ஹீட்டருக்குப் பக்கத்து மேசை.

மிஸ் பலகையில் எழுதியது: சட்டம் இயற்றுவது காங்கிரஸ். நிறைவேற்றுவது ஜனாதிபதி. அது அரசியலமைப்புக்கு அடங்குகிறதா என்று பார்ப்பது நீதிமன்றம். எல்லா அதிகாரமும் ஒரே கைக்குப் போகாதபடி மூன்றும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். செனட்டுக்கு ஆள் போதாது, எனவே ஒரே சபை. சபாநாயகர் மதுரா. எங்கள் மாடிதான், மூன்று கதவு தள்ளி. சின்ன வயதிலிருந்து என்னோடு சண்டை.

சட்டமூலத்தைத் தடுக்கும் வீட்டோ அதிகாரம் வீட்டில் எனக்கு இல்லை, வகுப்பில் உண்டு என்று அம்மாவுக்கு அறிவித்தேன்.

"முதல்ல குப்பையைக் கொண்டுபோய்ப் போடுங்கோ, ஜனாதிபதி."

செவ்வாய். பனி. பஸ் தாமதம்.

மதுராவின் சட்டமூலம்: வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் எல்லோரும் ரோல்ஸ் போல ஏதாவது சாப்பாடு கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவது. காரணம் எழுதவில்லை. பெரும்பான்மையில் நிறைவேறி என் கையொப்பத்துக்கு வந்தது. எழுந்து தொண்டையைச் செருமி, "ரோல்ஸ் கொடுத்து வாக்கு வாங்கும் ஊழலை அனுமதியேன். வீட்டோ" என்றேன். வகுப்பே விழுந்து சிரித்தது.

மதுரா சிரிக்கவில்லை. சண்டைக்கும் வரவில்லை. பஸ்ஸில் முன் இருக்கையில் போய் இருந்துகொண்டாள்.

பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழன் பிரவீன்: "மச்சான், உனக்கு இருக்கு."

நான்: "அதிகாரம் எண்டா பாவிக்கோணும்."

புதன்.

லிஃப்டில் மதுராவின் அம்மா. கையில் மடித்த அட்டைப்பெட்டிகள்.

"இனிச் சொல்லலாம் தம்பி. விசா பேப்பர் எல்லாம் கையில வந்திட்டுது. சனிக்கிழமை அமெரிக்காவுக்கு, ஹியூஸ்டனுக்குப் போறம். அங்கிளுக்கு அங்க வேலை."

"மதுராவுமோ அன்ரி?"

"பின்ன, அவளை விட்டிட்டோ போறது? கண்ணூறு பட்டிடும், ஒருத்தருக்கும் வாய் திறக்காத எண்டு சொல்லி வச்சிருந்தனான். பாவம், வெள்ளிக்கிழமை பிள்ளையளோட சேர்ந்து சாப்பிடோணும் எண்டு ஒரே நிலையில நிண்டவள்."

எங்கள் மாடி வந்தது. அன்ரி இறங்கினா. நான் இறங்கவில்லை. கடைசி மாடிவரை போய், திரும்பக் கீழே போய்...

காரணம் சொல்ல முடியாமல் கொண்டுவந்த சட்டமூலம். உண்மையான அமெரிக்கா அவளுக்கு. எனக்குக் காகித அமெரிக்கா.

வியாழன். வெயில், சூடு இல்லாத வெயில்.

மிஸ்ஸிடம் கேட்டது:
வீட்டோவை மீளப்பெறலாமா? முடியாது.
நானே புதுச் சட்டமூலம் கொண்டுவரலாமா? முடியாது, அது காங்கிரஸின் வேலை.
வேறு வழி? மூன்றில் இரண்டு பங்கு வாக்கிருந்தால் வீட்டோவை மீறலாம்.

இடைவேளை முழுக்க மேசை மேசையாகப் போய், என்னைத் தோற்கடிக்கும்படி கெஞ்சினேன். பிரவீனுக்கு ஒரு சிப்ஸ் (லஞ்சம் அல்ல, நட்பு).

பாடத்தில் வாக்கெடுப்பு. கைகள் எழுந்தன. மூன்றில் இரண்டுக்கு ஒரு கை குறைவு. சபாநாயகரின் கை மேசையிலேயே கிடந்தது. மிஸ் அவளைப் பார்த்தா. மதுரா தலையை ஆட்டினாள், வேண்டாமென்று.

மணி அடித்தபின் கதவடியில் பிடித்தேன்.

"எனக்குத் தெரியாது, மதுரா."

"தெரிஞ்சிருந்தா செய்திருக்க மாட்டாய், ஓம். தெரியாட்டிலும் கேட்டது நான் தானே."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளி. திரும்பவும் பனி.

அவள் பள்ளிக்கு வரவில்லை. கடைசிப் பாடத்தில் நீதிமன்றம் பற்றி வினாத்தாள். ஒன்றும் எழுதவில்லை.

பின்னேரம் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக் கதவுவரை போனேன். உள்ளே பெட்டிகளுக்கு டேப் இழுத்து ஒட்டும் சத்தம். அவள் ஏதோ சொல்ல, அன்ரி சிரித்தா. தட்டாமல் வந்துவிட்டேன்.

அதிகாரம் எண்டா பாவிக்கோணும் என்று பிரவீனுக்குச் சொன்னது பொய். அதிகாரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சட்டமூலத்தை முழுதாக வாசிக்கக்கூட இல்லை. வீட்டோ போட்டால் என் மேசைக்கு வந்து, விரலை நீட்டி, அரை மணித்தியாலம் சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.