வெளியாருக்கான விதி

பாங்கர், வேல்ஸ்
27 ஜூன் 2016

மதிப்பிற்குரிய நண்பர் லேந்தர்ட் அவர்களுக்கு,

நானும் என் மனைவி நெஸ்டாவும் நலம். உங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

வாக்கெடுப்பின் முடிவை அறிந்திருப்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகவே நான் வாக்களித்தேன். இதைப் பிறர் வாயிலாக நீங்கள் அறிவது முறையன்று. விதிகளை வெறுப்பவன் அல்லன் நான். ஆனால் என்னை ஆளும் விதியை எழுதியவரின் வாசலுக்குச் சென்று விளக்கம் கேட்க எனக்கு வழி இருக்க வேண்டும். அது கிட்டினால் எங்களைப் போன்ற எளியவர்களின் வாழ்வு சீராகும். படகில் என்னோடு உழைக்கும் கெரெய்ந்த் மட்டும் கேலி செய்கிறான்: "கட்டுப்பாடு நம்ம கைக்கு வருதாம்ல? வந்தா எனக்கும் காட்டுங்க மொதலாளி, நான் பார்த்ததே இல்ல."

நான் கடலில் எடுத்தனுப்ப நீங்கள் வாங்கி விற்கும் உணவுச் சிப்பி வாணிபத்துக்கு இடையூறு நேராது. நான் விலகுவது ஒன்றியத்தின் தலைமையகமான புருஸ்ஸல்ஸை விட்டுத்தான். உங்களை விட்டு அன்று.

தங்கள் அன்புள்ள,
எம்லின்

யெர்செக்கே, நெதர்லாந்து
11 ஜூலை 2016

அன்பு எம்லின்,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் கடிதத்தை என் மனைவி யானாவுக்குப் படித்துக் காட்டினேன். "பொண்டாட்டிய விட்டுட்டுப் போறேன், ஆனா ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வருவேன்னு சொல்றாரா?" என்று கேட்டாள். நான் சிரிக்கவில்லை.

புருஸ்ஸல்ஸ் என்று நீ எழுதிய இடத்தில் நானும் இருக்கிறேனடா. ஒரே விதிக்குள் இருப்பதால்தான் உன் சிப்பியை யாரும் தடுக்காமல் என் தொட்டியில் இறக்குகிறேன். போகட்டும். வழக்கம்போல் அனுப்பு.

உன்
லேந்தர்ட்

பாங்கர்
9 பிப்ரவரி 2021

மதிப்பிற்குரிய நண்பருக்கு,

எங்கள் நீரிணையில் எடுக்கும் சிப்பியை இதுகாறும் கழுவாமலே அனுப்பி வந்தேன். உங்கள் தொட்டிகளில் அது சுத்தமாகி வந்தது. ஜனவரியில் பிரிவு முழுமையானதிலிருந்து, ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் சிப்பி சுத்தம் செய்யப்பட்ட பிறகே உங்கள் எல்லைக்குள் வரலாம் என்கிறார்கள். இங்கே சுத்தம் செய்து மறுபடி நீரிலிருந்து எடுத்து அனுப்பினால், நீண்ட பயணம் தாங்காமல் வழியிலேயே சோர்ந்து செத்துப்போகும். அப்படித்தான் ஒரு லாரிச் சுமை வீணாயிற்று.

படித்துப் பார்த்ததில் விதி புதிதன்று என அறிந்தேன். வெளியாருக்காக முன்பே எழுதப்பட்டிருந்தது. வெளியார் யார் என்பது மட்டுமே மாறியிருக்கிறது. நெஸ்டா சொல்கிறாள்: "விதி விதின்னு வாழ்ந்தீங்க. இப்ப அதுவே நம்ம தலைவிதியாயிடுச்சு."

என் மைத்துனர் லாரி ஓட்டுகிறார். வெளிநாட்டு ஓட்டுநர்கள் குறைந்ததால் அவருடைய கூலி உயரும் போலிருக்கிறது. ஆகவே இப்பிரிவால் எவருக்கும் நன்மை இல்லை என்று நான் எழுதினால் அது பொய். என் படகு மட்டும் கரையில் கட்டிக் கிடக்கிறது. கெரெய்ந்தை நேற்று வேலையிலிருந்து நிறுத்தினேன். அவன் கேலி செய்யவில்லை, செய்திருக்கலாம்.

உங்கள் தரப்பில் ஏதேனும் வழி உண்டா?

எம்லின்

யெர்செக்கே
2 மார்ச் 2021

அன்பு எம்லின்,

சுங்கத்தில் கேட்டேன், சங்கத்தில் கேட்டேன், கத்தியும் பார்த்தேன். வழி இல்லை. இப்போது ஒன்றியத்திலேயே இருக்கும் அயர்லாந்திலிருந்து வாங்குகிறேன். ஒளித்து வைக்க மனமில்லாமல் சொல்லிவிட்டேன்.

நீ உன் படகை விற்கப் போவதாக இங்கே பேச்சு. அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடாதே, நான் எடுத்துக்கொள்கிறேன். படகோடு நீயும் வந்துவிடு. அதை ஓட்ட உன்னைவிட யார்? வேலை அனுமதி கேட்டு அலையாதே, கிடைக்காது. விருந்தாளியாக வந்திருக்கிறாய் என்று சொல்லிக்கொள்வோம். இந்தத் துறைமுகத்தில் உன்னை யார் கேட்கப் போகிறார்கள்? யானா மாடி அறையை ஒழித்து வைத்துவிட்டாள். "அந்தாளு வீம்பு பிடிப்பாரு, நீங்களே போய் இழுத்துட்டு வாங்க" என்கிறாள்.

வாடா.

லேந்தர்ட்

பாங்கர்
19 மார்ச் 2021

அன்பு லேந்தர்ட்,

படகை உங்களுக்கே தருகிறேன். ஆட்களை அனுப்புங்கள். நான் வரவில்லை.

வீம்பு என்று யானா சொல்வதில் ஒரு பங்கு உண்மை. மறு பங்கு இது: உங்கள் மேசையில் இத்தனை ஆண்டுகள் உண்மையான விருந்தாளியாக உட்கார்ந்து உண்டவன் நான். விருந்தாளி என்று பொய் சொல்லிக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார என்னால் ஆகாது. அனுமதி கிடைக்காதவன் வெளியே நிற்க வேண்டும். அவ்விதமே நிற்கிறேன்.

புதிய மாலுமிக்கு ஒரு குறிப்பு. பின்னோக்கிச் செலுத்தும்போது படகு இடப்பக்கம் ஒதுங்கும். சுக்கானைத் திருப்பி அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். இயந்திர விசையைச் சற்றே குறைத்துப் பொறுத்திருந்தால் தானாக நேராகும். பழக்கமில்லாதவர்கள் பயந்து கரையில் மோதிவிடுவார்கள்.

இக்கடிதத்துக்குப் பதில் வேண்டாம். எழுதினால் நான் வந்துவிடக்கூடும்.

என்றும் உங்கள்,
எம்லின்