நம் வீட்டு மெக்சிகோ நாய்

என் அன்பு நைனா,

நீங்கள் போன பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தபோது, டிவி பக்கத்தில் இருந்த உங்கள் மெக்சிகோ நாய் என் கை தவறி விழுந்து ஒரு கால் உடைந்துவிட்டது. கப்பலில் சமையற்காரராக இருந்த காலத்தில் நீங்கள் கொண்டுவந்த அந்தச் சிவந்த, கொழுத்த மண்நாய்தான். ஒட்டி வாங்கலாம் என்று சித்தூரிலிருந்து பஸ் பிடித்துத் திருப்பதிக்கு எடுத்துப்போனேன். பழைய மண்பாண்டங்களை ஆராயும் பேராசிரியை ஒருவரிடம் தோழி அனுப்பிவைத்தாள்.

அவர் ஒட்டவில்லை. உடைந்த இடத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். உடம்பிலிருந்த கறுப்புப் புள்ளிகளை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தார்; போகவில்லை. பழசுபோல் காட்டப் பூசியிருந்தால் கரைந்திருக்கும் என்றார். பிறகு நூல் நூலாக ஓடிய கோடுகளைக் காட்டினார். மண்ணுக்கடியில் வெகுகாலம் கிடந்தபோது வேர்கள் படர்ந்த தடமாம்.

“மெக்சிகோவுல மேற்குப் பக்கந்தாம்மா இந்த மாதிரி நாய் கிடைக்குது. ரெண்டாயிரம் வருஷம் இருக்கலாம். லேப்ல பார்த்தாத்தான் உறுதியா சொல்ல முடியும்.”

அங்கேயே தம்பிக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன். பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அவர் சொன்னார்: “செத்தவங்களுக்குத் துணையா குழியில வைப்பாங்கம்மா. யாரோ சமாதியைத் தோண்டி எடுத்திருக்காங்க.”

எனக்கு முகம் எரிந்தது. உங்கள் சவப்பெட்டியில் மூக்குக்கண்ணாடியை வைத்து மூடினோமே, நைனா. அதை ஒருவன் தோண்டியெடுத்துத் தன் வீட்டு டிவி பக்கத்தில் வைத்தால்?

துறைமுகத்தில் பழகியவன் ஒருவன் கொடுத்தான் என்பீர்கள். கஸ்டம்ஸ்காரர் கண்ணில் படாமல் மாவு டப்பாவுக்குள் புதைத்துக் கொண்டுவந்த கதையைச் சர்ச் சபையார் வரும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பீர்கள். நாங்களும் சிரித்தோம். வெறும் பொம்மையை ஏன் ஒளிக்க வேண்டும் என்று ஒருநாளும் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்ததா, நைனா?

நாயைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று பேராசிரியை மூலமாக மெக்சிகோ தூதரகத்துக்குத் தெரிவித்திருக்கிறேன். தம்பிக்குக் கோபம்.

“நைனா பேரை நீயே கெடுத்துக்கினு இருக்கியேக்கா. யாரு வந்து கேட்டாங்க?”

“யாரும் கேக்கலடா. அதான் வெக்கமா இருக்குது.”

எப்படி வந்தது என்று அவர்கள் விசாரிப்பார்கள். தெரியாது என்று சொன்னால் முடிந்துவிடும். மறுத்துப் பேச நீங்கள் இல்லை. ஆனால் அப்படிச் சொல்ல மாட்டேன். உங்கள் பெயரையும், நீங்கள் அதைக் கொண்டுவந்த விதத்தையும் சொல்வேன். எங்களுக்கு நீங்கள் எவ்வளவு நல்ல தகப்பனாக இருந்தீர்கள் என்பதையும் சொல்வேன். இரண்டில் எதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன், நைனா.

வெட்கத்தோடும் பாசத்தோடும்,
உங்கள் மூத்த மகள்