உன் பேர் வெட்டிய லோட்டா

உன் லோட்டாவை எதிரில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அட்டாலிப் பரண்மேல் கடலைச் சாக்குகளுக்குப் பின்னால் குப்புறக் கிடந்தது. எடுத்ததும் பழைய கடலைத் தொலியும் எலி வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின. அலுமினியம் கறுத்துப் போயிருந்தது. ஆனால் வாய்க்குக் கீழே புள்ளி புள்ளியாக நான் வெட்டிய உன் பேர் அப்படியே இருக்கிறது. தடவினால் விரலில் தட்டுகிறது.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. எழுதியிருந்தால் உன் மகள்தான் படித்துக் காட்டியிருக்க வேண்டும். பெற்ற பிள்ளை வாயால் படித்துக் கேட்கும்படியான சங்கதியா இது? இப்போது மட்டும் யார் படிக்கப் போகிறார்கள் என்று நீ கேட்பாய். கேள். ஐந்தாவது வரை படித்துவிட்டு, அந்த எழுத்தை வைத்துக்கொண்டு நான் அடித்துக்கொண்ட பெருமையையெல்லாம் பார்த்தவள் நீதான். அந்த எழுத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

போன மாதம் சேலத்தில் பேத்தி வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் டிவியில் ஒரு படம் போட்டாள். வெளிநாட்டுப் படம், தமிழில் பேச வைத்திருந்தார்கள். ஒரு தேசம். அங்கே சர்க்காரே ஜனங்களை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. இன்ன ரத்தம் உசத்தி, இன்ன ரத்தம் மட்டம் என்று சட்டம். மட்டம் என்று ஒதுக்கப்பட்டவர்கள் எல்லாரும் கையில் ஒரு தகட்டு வளையம் போட்டுக்கொள்ள வேண்டும். அவர்களுக்குத் தனி நடைபாதை, பஸ்ஸில் ஏறத் தனிப் படி, தண்ணீர் பிடிக்கத் தனிக் குழாய்.

"இதெல்லாம் எந்தூர்ல நடந்துச்சு சாமி?" என்று பேத்தியைக் கேட்டேன்.

"எங்கயும் நடக்கல அம்மாயி. நூறு வருஷம் கழிச்சு இப்பிடி ஆனா எப்பிடி இருக்கும்னு ஒரு கற்பனை."

"நூறு வருஷம் கழிச்சா?"

"ஆமா அம்மாயி. பேசாம பாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. நீ இருந்திருந்தால் முழங்கையால் என் விலாவில் ஒரு இடி இடித்திருப்பாய். பழக்கத்தில் இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் மடித்து வைத்த துணிதான் இருந்தது.

நாம் படம் பார்த்ததெல்லாம் ராசிபுரத்துச் சந்தை நாளில்தான். நான் கல்யாணமாகி வந்த புதிது. நீ எங்கள் காட்டில் களை வெட்ட வருகிறவள். எனக்கும் உனக்கும் ஒரே வயது. மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு கிளம்புவேன். வாங்க வேண்டியதை வாங்கி மூட்டையைக் கட்டிக்கொண்டு மேட்டினிக்கு ஓடுவோம். பஸ்ஸில் இடம் இருந்தாலும் நீ நின்றுகொண்டுதான் வருவாய். வழியெல்லாம் "ஆமாங்க அம்மிணி", "இல்லீங்க அம்மிணி". கொட்டகையில் விளக்கு அணைந்ததும் அந்த மரியாதையெல்லாம் எங்கேயோ ஓடிப்போகும். "ஏ புள்ள, நவுந்து உக்காரு. அங்க பாரு, அவன் மூஞ்சியப் பாரு!" இடைவேளைக்கு விளக்கு எரிந்ததும், "ஏனுங்க அம்மிணி, முறுக்கு வாங்கியாரட்டுங்களா?"

ஒரு தடவை பிலிம் அறுந்து, நடுவில் திடீரென்று விளக்கைப் போட்டுவிட்டார்கள். கதாநாயகிக்காக நான் அழுததற்கு நீ என்னை வைதுகொண்டிருந்தாய். பின் பெஞ்சில் நம் ஊர்க்காரி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். "அட கூறு கெட்டவளே" என்பது வரைக்கும் வாயிலிருந்து வந்துவிட்டது. அவளைப் பார்த்ததும் "ங்க" என்று ஒட்டவைத்தாய். கூறு கெட்டவளேங்க! சிரிப்பை அடக்க நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். நீயும் சிரித்தாய். ஆனால் மறுபடி விளக்கு அணைந்த பிறகும் நீ பின் பெஞ்சை அடிக்கடி திரும்பிப் பார்த்தாய். ஏன் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

படத்தைப் பிடித்து உலுக்கிப் பார்க்க உன்னைப் போல ஆள் கிடையாது. கதை சரியாகப் போகும்வரை வாய் திறக்க மாட்டாய். சறுக்கிய இடத்தில், "நூலு உட்டுப்போச்சு புள்ள, எந்திரி போலாம்" என்பாய். ஒரு படத்தில் கடைசியில் வில்லன் செத்து ஊரே மாலை போட்டுக் கொண்டாடியது. வெளியே வரும்போது நீ சொன்னாய்: "அவனொருத்தன் செத்தா முடிஞ்சுருங்களா? அவனுக்குக் கதவு தொறந்து உட்டவன், குடை புடிச்சவன், காயிதம் எழுதிக் குடுத்தவன், அவங்கெல்லாம் எங்கீங்க போனாங்க? காத்தால எந்திரிச்சு வழக்கம்போல வேலைக்குத்தானுங்களே போவாங்க?"

பேத்தி போட்ட இந்தப் படத்திலும் அப்படி ஒரு காயிதம் எழுதுகிறவள் வருகிறாள். சின்னப் பெண். ஆபீஸில் உட்கார்ந்து தகட்டு வளையங்களில் ஆணி போன்ற ஒன்றால் பேரைப் புள்ளி புள்ளியாக வெட்டுகிறாள். கெட்டவள் இல்லை. வரிசையில் நிற்கிறவர்களிடம் தன்மையாகப் பேசுகிறாள். ஒரு கிழவி வந்ததும் இரக்கப்பட்டு, பேருக்குப் பக்கத்தில் ஒரு பூவும் வெட்டிக் கொடுத்து, "உங்களுக்குன்னு அழகாப் போட்டிருக்கேன் பாட்டி" என்கிறாள். கிழவி அந்த வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். நன்றி சொல்லவில்லை. திட்டவும் இல்லை. சும்மா பார்த்துவிட்டுப் போகிறாள்.

அந்தப் பார்வையை நான் முன்னமே பார்த்திருக்கிறேன். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தப் பெண் அப்புறம் என்ன ஆனாள் என்று தெரிந்துகொள்ள உட்கார்ந்திருந்தேன். வரவே இல்லை. அதற்குப் பிறகு படம் வேறு எங்கோ போய்விட்டது. வானத்தில் கார் பறக்கிறது, கதாநாயகன் நாற்பது பேரை ஒண்டியாக அடிக்கிறான், சிறைக் காவல்காரன் "மச்சி" என்று பேசுகிறான், நடுவில் இரண்டு பேர் மழையில் ஆடுகிறார்கள். கடைசியில் பச்சைக் கண் வில்லன் மாடியிலிருந்து விழுந்து சாகிறான். ஜனங்கள் வளையங்களைக் கழற்றி எறிகிறார்கள், எல்லாம் சரியாகிவிடுகிறது. முதல் பாதியை எடுத்தவன் கையும் இரண்டாம் பாதியை எடுத்தவன் கையும் ஒன்றுதானா என்றே சந்தேகமாக இருந்தது. பேத்திக்கு முடிவு பிடித்திருந்தது. நூல் எங்கே விட்டுப்போனது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆள் இல்லை. பூ வெட்டினவளை விட்ட இடத்தில்தான் விட்டுப்போனது.

இனி லோட்டாவுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் வேலையாட்களுக்கென்று ஒரே ஒரு லோட்டா, மாட்டுக் கொட்டகை மாடத்தில் இருக்கும். வெற்றிலை போட்ட வாயோடு நாலைந்து ஆண்கள் குடித்து வைத்ததில் நீயும் குடிக்க வேண்டும். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. சந்தையில் புதிதாக ஒன்று வாங்கினேன். என் சீர்ப் பாத்திரங்களில் எல்லாம் என் பேர் வெட்டியிருந்தது. ஒரு பெண்ணுக்கு அதைவிடக் கௌரவம் என்ன என்று நினைத்தவள் நான். உனக்கும் அந்தக் கௌரவத்தைச் செய்ய ஆசைப்பட்டேன். வெட்டுகிறவரிடம் கொடுக்காமல் என் கையாலேயே செய்தேன். நசுங்காமல் இருக்க உள்ளே ஈர மண்ணைக் கெட்டியாக அடைத்து, சின்ன ஆணியையும் சுத்தியையும் வைத்து ஒரு மத்தியானம் பூராவும் தட்டினேன்.

கொண்டுவந்து கொடுத்தேன். நீ திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"என்னுங்க எழுதியிருக்குது?"

"உம் பேருதான். நானே வெட்டுனது."

"எம் பேருங்களா?" விரலால் ஒருதரம் தடவிவிட்டு, "இனி ஆரும் மாத்திக் குடிச்சர மாட்டாங்க" என்றாய்.

நன்றி சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். மாமியார் பார்த்துவிட்டு, "இதுதான் நல்லது. ஊட்டுப் போசி பாத்திரத்தோட கலந்துராது" என்று மெச்சினார். அந்த வீட்டில் என் படிப்பை ஒருத்தர் மெச்சியது அன்றைக்குத்தான். பூரித்துப்போனேன். என் பேர் வெட்டிய பாத்திரங்கள் சமையலறை அடுக்கில் இருந்தன. உன் பேர் வெட்டியது மாட்டுக் கொட்டகை மாடத்துக்குப் போனது. அது என் கண்ணில் படவே இல்லை.

மறுநாளிலிருந்து நீ கையை ஏந்தினாய். "கையிலயே ஊத்தியுடுங்க அம்மிணி."

"ஏன், லோட்டா இருக்குதல்ல?"

"அது அழகா இருக்குதுங்க. அழுக்காயிரும்."

பிரியத்தில் பத்திரப்படுத்துகிறாய் என்று அதையும் நம்பினேன். ஐம்பது வருஷம் நம்பினேன்.

படத்தில் சர்க்கார் ஆணை போட்டது. நம் ஊரில் யாரும் ஆணை போடவில்லை, முத்திரை குத்தவில்லை. எல்லாருக்கும் தெரியும், எங்கேயும் எழுதியிருக்காது. அதை எழுத்தில் வெட்டி வைத்தவள் நான் ஒருத்திதான். இப்போது நம் டீக்கடையில் எல்லாருக்கும் காகிதக் கப். காலம் மாறிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறார்கள். குடித்ததும் கசக்கி எறிந்துவிடலாம், ஒருத்தர் குடித்தது இன்னொருத்தர் வாய்க்குப் போகாது.

உன் மகளுக்கு வேலை கிடைத்து நீ சூரமங்கலத்துக்குக் குடிபோன பிறகு ஒரே ஒரு தடவை வந்திருக்கிறேன். காப்பி போடட்டுமா என்று கேட்டாய். "இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன்" என்றேன். நீ சிரித்தாய். "ஊர்க்காரங்க எல்லாரும் எங்கூட்டுக்கு வாரப்ப மட்டும் குடிச்சுட்டேதானுங்க வர்றீங்க." நானும் சிரித்துவைத்தேன். பிறகு டிவியில் ஓடிய படத்தைப் பற்றிப் பேசினோம். பகல் வெளிச்சத்தில், உன் வீட்டில், உன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டும் கடைசிவரை "ங்க" போட்டே பேசினாய்.

நீ போன சேதி எனக்கு நான்கு நாள் கழித்துத்தான் வந்தது. முறைப்படி சொல்லிவிட வேண்டியவர்கள் பட்டியலில் நான் இல்லை. இருக்க நியாயமும் இல்லை.

படம் பார்த்து வீட்டுக்கு வந்ததும் அட்டாலியில் தேடி இதை எடுத்தேன். போன புதன்கிழமை பையில் போட்டுக்கொண்டு சூரமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

உன் மகள் கதவைத் திறந்தாள். "வாங்கம்மா. தனியாவா வந்தீங்க?"

"ஆமா சாமி. மொதல்ல குடிக்கத் தண்ணி குடு."

அவள் சமையலறைப் பக்கம் இரண்டடி வைத்தாள். பிறகு அலமாரியைத் திறந்து, மூடி திருகாத தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அம்மா உங்களுக்குன்னே வாங்கி வெக்கச் சொல்லுவாங்க. தேதி முடிஞ்சா செடிக்கு ஊத்திட்டு வேற வாங்கணும். இது அவங்க இருக்கறப்ப கடைசியா வாங்குனது."

"நான் வருவேன்னு ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லலீங்க. 'அவ வந்தா நம்மூட்டுத் தண்ணி குடிக்க மாட்டா. வாய் காஞ்சு உக்காந்திருக்கக் கூடாது'ம்பாங்க."

அவ என்று சொல்லியிருக்கிறாய். நான் இல்லாத இடத்தில், பட்டப்பகலில், உன் வீட்டுக்குள் என்னை "அவ" என்று சொல்லியிருக்கிறாய். அதைக் கேட்டு எனக்கு வந்தது சந்தோஷமா அழுகையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"பாட்டில் வேண்டாஞ் சாமி. நீங்க குடிக்கறதக் குடு."

என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு லோட்டாவில் கொண்டுவந்தாள். வீட்டில் எல்லாரும் குடிக்கிற சாதாரண எவர்சில்வர் லோட்டா. பேர் ஒன்றும் இல்லை. வாய் வைத்துக் குடித்தேன். உன் வீட்டில் நான் தண்ணீர் குடித்துவிட்டேன். பார்க்க நீ இல்லை.

பிறகு பையிலிருந்து இதை எடுத்துக் கொடுத்தேன். அவள் பேரைப் படித்தாள். விரலால் தடவினாள்.

"நீங்க வெட்டுனது இதுதானுங்களா? அம்மா சொல்லியிருக்காங்க. 'எம் பேர நான் மொதமொதல்ல எழுத்துல பாத்தது மாட்டுக் கொட்டாயில'ன்னு."

"கோவமாச் சொன்னாளா?"

"சிரிச்சுட்டுத்தாங்க சொன்னாங்க. எங்கம்மா எதச் சிரிக்காமச் சொன்னாங்க?"

பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மன்னிப்புக் கேட்கத்தான். உன்னிடம் கேட்க வேண்டியதை அவளிடம் கேட்டு எப்படி வாங்கிக்கொள்வது? "இத நீ வெச்சுக்க சாமி. உங்கம்மா பேரு இருக்குது" என்று மட்டும் சொன்னேன்.

அவள் லோட்டாவை என் பையிலேயே திரும்ப வைத்தாள். முகத்தில் கோபம் இல்லை. "இது இங்க வேண்டாங்கம்மா. உங்ககிட்டயே இருக்கட்டும்." பாட்டிலையும் அதன் பக்கத்தில் வைத்தாள். "வெயிலாருக்குது. வழியில குடிப்பீங்க." பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்து, ஜன்னலோரமாகப் பார்த்து உட்காரவைத்துவிட்டுப் போனாள்.

நான் குடிக்கவில்லை. பாட்டில் இன்னும் மூடி திருகாமலே இருக்கிறது. அதில் அடித்திருக்கும் தேதி வருகிற மாசியோடு முடிகிறது. வேறு வாங்கி வைக்கச் சொல்ல நீ இல்லை. பெரிய வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். மத்தியானத்தில் டிவியைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். ஏ புள்ள என்று என்னைக் கூப்பிட்டவள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான். அந்தப் பேர் என் எந்தப் பாத்திரத்திலும் இல்லை.

நேற்று லோட்டாவைப் புளி போட்டுத் தேய்த்தேன். சாம்பல் போட்டும் தேய்த்தேன். கறுப்பெல்லாம் போய்விட்டது. எழுத்து மட்டும் முன்னைவிடப் பளிச்சென்று தெரிகிறது. ஒரு புள்ளிகூட மழுங்கவில்லை. ஆழமாகத்தான் வெட்டியிருக்கிறேன்.